ஹோஸ் வாங்கும் முன் தொட்டியைப் பாருங்கள்: மாடித்தோட்டக்காரர்களுக்கு ஒரு முழு வழிகாட்டி

சென்னைப் புறநகரில் இரண்டு மாடி வீடு எங்களுடையது. மொட்டை மாடியில் அறுபது பைகள். கத்தரி, வெண்டை, தக்காளி, நாலைந்து வகைக் கீரை, ஓரமாக ஒரு டிரம்மில் முருங்கை. பத்து வருடத்தில் ஐந்து ஹோஸ் மாற்றிவிட்டேன். அதில் மூன்று என் அறியாமையால் போனவை. ஒன்று விளம்பரத்தைப் பார்த்து வாங்கியது. இன்னொன்று உள்ளே பாசி பிடித்து நாறியது. மூன்றாவது, மோட்டார் ஓடிக்கொண்டிருந்தபோது நடு மாடியில் வெடித்து, காயப்போட்டிருந்த வத்தலை எல்லாம் நனைத்தது. கடைசி இரண்டைத்தான் கொஞ்சம் புரிந்து வாங்கினேன். அந்தப் புரிதல்தான் இந்தக் கட்டுரை.

ஹோஸ், டியூப், ஓஸ் பைப் என்று ஊருக்கு ஊர் ஒரு பெயர். கடைக்காரரிடம் எதைச் சொன்னாலும் அவர் முதலில் கேட்பது "அரை இன்ச்சா, முக்கால் இன்ச்சா?" என்பதுதான். அதற்குப் பதில் கடையில் கிடையாது, உங்கள் வீட்டுத் தொட்டியில் இருக்கிறது. அங்கிருந்தே தொடங்குவோம்.

முதல் படி: தண்ணீர் என்ன வேகத்தில் வருகிறது?

தண்ணீர் பத்து மீட்டர் உயரத்திலிருந்து இறங்கினால் கிடைக்கும் அழுத்தம் ஏறக்குறைய 1 பார் ('பார்' என்பது அழுத்தத்தை அளக்கும் அலகு). இந்த ஒரு கணக்கு போதும்.

மாடித்தோட்டத்தின் பெரிய சிக்கல், தொட்டியும் தோட்டமும் கிட்டத்தட்ட ஒரே மட்டத்தில் இருப்பது. தொட்டி இரண்டு மீட்டர் மேடையில் நிற்கிறது, உள்ளே ஒரு மீட்டருக்குத் தண்ணீர் இருக்கிறது என்றால் உங்களுக்குக் கிடைப்பது 0.3 பார். தொட்டி பாதியானால் இன்னும் குறையும். அதே வீட்டில் தரைத்தளத்து வாழைக்கும் கருவேப்பிலைக்கும் தண்ணீர் விடும்போது 0.9 பார் வரை வரும். பிரஷர் பம்ப் வைத்த வீடு என்றால் 2, 3 பார். போர்வெல் மோட்டாரின் டெலிவரி லைனில் நேராக ஹோஸைச் செருகுகிறவர்கள் கதையே வேறு. மோட்டார் தகட்டில் 'ஹெட்' என்று, அது தண்ணீரை ஏற்றக்கூடிய உயரம் மீட்டரில் போட்டிருக்கும். அதிகபட்ச ஹெட் 60 மீட்டர், கிணற்றில் தண்ணீர் 20 மீட்டர் ஆழத்தில் நிற்கிறது என்றால், வழியை முழுக்க அடைத்த நொடியில் தரைமட்டத்தில் 4 பார் வரை ஏறும்.

ஆகவே ஒரே தெருவில் இரண்டு வீட்டுக்கு இரண்டு வேறு ஹோஸ் தேவைப்படும். தொட்டித் தண்ணீர்க்காரருக்கு அழுத்தம் தாங்கும் ஹோஸைவிட, இருக்கும் கொஞ்ச அழுத்தத்தையும் வீணாக்காத அகலமான ஹோஸ்தான் வேண்டும். மோட்டார்க்காரருக்கு அகலம் பிறகு, முதலில் பலம்.

சோதிக்க ஒரு வாளி போதும். எத்தனை லிட்டர் வாளி என்று தெரிந்துகொண்டு, தோட்டக் குழாயை முழுக்கத் திறந்து, நிரம்ப எவ்வளவு நேரம் ஆகிறது என்று கைபேசியில் பாருங்கள். ஹோஸ் இல்லாமலே நிமிடத்துக்கு 10 லிட்டர்தான் வருகிறது என்றால், உலகத்திலேயே உயர்ந்த ஹோஸை மாட்டினாலும் அதற்கு மேல் வராது. பல வீடுகளில் குற்றவாளி குழாய்தான். உள்வழி குறுகிய அரை இன்ச் திருகுக் குழாய் தண்ணீரின் கழுத்தைப் பிடித்துக்கொண்டு நிற்கும். பிளம்பரைக் கூப்பிட்டு, தொட்டியிலிருந்தே முக்கால் இன்ச் லைனும், கால் திருப்பில் முழு வழியும் திறக்கும் 'பால் வால்வு'ம் போட்டுவிட்டால் பாதிப் பிரச்சினை தீரும்.

இரண்டாம் படி: அகலமும் நீளமும்

அரை இன்ச், முக்கால் இன்ச் என்று சொல்வது உள்விட்டத்தை: 12.7 மில்லிமீட்டர், 19 மில்லிமீட்டர். பார்வைக்கு வித்தியாசம் சின்னதாகத் தெரியும். ஆனால் தண்ணீர் போகும் பரப்பு இரண்டேகால் மடங்கு. சுவரில் உரசுவதால் இழக்கும் வேகத்தையும் கணக்கில் எடுத்தால், ஒரே அழுத்தத்தில் முக்கால் இன்ச்சில் ஏறக்குறைய மூன்று மடங்கு தண்ணீர் வரும்.

என் மாடிக்கே போட்டுப் பார்த்தேன். மூன்று மீட்டர் உயரத் தொட்டி, 20 மீட்டர் ஹோஸ். அரை இன்ச்சில் நிமிடத்துக்கு எட்டு லிட்டர் சொச்சம். முக்கால் இன்ச்சில், குழாய் இடம் கொடுத்தால், இருபதுக்கு மேல். பைக்கு ஒன்றரை லிட்டர் என்று அறுபது பைக்கும் விட 90 லிட்டர். பத்துப் பதினொரு நிமிட வேலை நாலு நிமிடத்தில் முடிகிறது. மே மாதத்தில் காலை ஏழரைக்கே மாடி சுடத் தொடங்கும்போது அந்த ஆறு நிமிடத்தின் அருமை தெரியும்.

முக்கால் இன்ச்சுக்கு ஒரு குறை உண்டு, கனம். 30 மீட்டர் ஹோஸுக்குள் நிற்கும் தண்ணீர் மட்டுமே எட்டரைக் கிலோ. அரை இன்ச்சில் அது நாலு கிலோவுக்கும் குறைவு. முதுகு வலி உள்ளவர்கள், பைகளுக்கு நடுவே இழுத்துக்கொண்டு போக வேண்டியவர்கள் இதை யோசிக்க வேண்டும். பிரஷர் பம்ப் இருக்கும் வீட்டில் அரை இன்ச்சே தாராளம். வீண் கனம் எதற்கு?

நீளத்தை அளக்க ஒரு கயிறு எடுங்கள். குழாயில் ஒரு முனையைக் கட்டி, நீங்கள் உண்மையில் நடக்கும் வழியில், தூணைச் சுற்றி, பந்தலுக்கு அடியில், கடைசிப் பை வரை கொண்டுபோங்கள். அதோடு இரண்டு மீட்டர் சேர்த்தால் போதும். 'எதற்கும் இருக்கட்டும்' என்று நூறடிச் சுருளாக வாங்குவது நம் பழக்கம். மிச்ச நீளம் வேகத்தைக் குறைக்கும், மடங்கி முறுக்கும், வெயிலில் கிடந்து கெடும். மீட்டர் கணக்கில் வெட்டித் தருகிற கடைகள் எல்லா ஊரிலும் இருக்கின்றன.

மூன்றாம் படி: எந்தப் பொருளில்?

நம் கடைகளில் பத்துக்கு ஒன்பது பிவிசி. ஆனால் பிவிசிக்குள்ளேயே மலைக்கும் மடுவுக்கும் உள்ள வித்தியாசம் உண்டு.

ஒற்றை அடுக்கு மெல்லிய டியூப், பச்சையோ நீலமோ, உள்ளே நூல் எதுவும் இல்லாமல் வருவது. வாளியில் தண்ணீர் பிடிக்கவும் ஏசித் தண்ணீரை வெளியேற்றவும் சரி. தோட்டத்துக்கு ஒரு கோடைகூடத் தாங்காது.

நூல் பின்னிய ஹோஸ், கடையில் 'பிரெய்டட்' என்பார்கள். உள்சுவர், அதன் மேல் பாலியஸ்டர் நூல் வலை, அதன் மேல் வெளிச்சுவர். அழுத்தத்தைத் தாங்குவது பிளாஸ்டிக் இல்லை, இந்த நூல்தான். நூலைக் குறுக்கும் நெடுக்குமாகச் சுற்றியிருப்பது ஒரு வகை. பின்னலாடை போலக் கண்ணி கண்ணியாகப் பின்னியிருப்பது இன்னொரு வகை, அது அவ்வளவாக முறுக்காது. தோட்டத்துக்கு இந்த இரண்டில் ஒன்றுதான்.

கண்ணாடி போன்ற பிரெய்டட் ஹோஸ் அழகாக இருக்கும், தண்ணீர் ஓடுவதே தெரியும். அந்த அழகில் மயங்கித்தான் நான் ஏமாந்தேன். வெளிச்சம் உள்ளே புகுந்தால் பாசி வராமல் என்ன செய்யும்? மூன்றே மாதத்தில் உள்சுவர் முழுக்கப் பச்சை. அப்புறம் அது துகள் துகளாகப் பிய்ந்து வந்து பூவாளித் தலையை அடைத்தது. வெளிச்சம் புகாத நிறம் வாங்குங்கள். உள்சுவர் கறுப்பாக இருந்தால் இன்னும் நல்லது.

ரப்பர் ஹோஸ் கனம், விலையும் அதிகம். ஆனால் வெயிலுக்கும் மடங்கலுக்கும் அதற்கு ஈடில்லை. குறிப்பாக இபிடிஎம் என்ற செயற்கை ரப்பர் வெயிலில் எளிதில் வெடிக்காது. மாடியில் ஹோஸை எடுத்து வைக்க நிழலே இல்லை, ஆண்டு முழுக்க வெயிலில்தான் கிடக்கும் என்றால் காசைப் பார்க்காமல் ரப்பருக்குப் போவதே லாபம். வெறும் தரையில் இழுத்தால் கறுப்புக் கோடு போடும், வெள்ளை டைல்ஸ் ஒட்டியவர்கள் பிறகு என்னைத் திட்டக்கூடாது. பாலியூரித்தேன் ஹோஸ் இலேசாகவும் உறுதியாகவும் இருக்கும், எல்லாக் கடையிலும் கிடைப்பதில்லை.

'தண்ணீர் விட்டால் மூன்று மடங்கு நீளும்' என்று துணிச் சுருக்கத்தோடு ஒரு ஹோஸை விளம்பரத்தில் காட்டுவார்களே, அதுதான் என் முதல் தவறு. உள்ளே லேட்டக்ஸ் குழாய், வெளியே துணி உறை. தண்ணீரின் அழுத்தம் அந்த லேட்டக்ஸை உப்ப வைத்தால்தான் அது நீளும், அதற்கு 2, 3 பார் வேண்டும். என் தொட்டியின் 0.3 பாருக்கு அது அசையக்கூட இல்லை. ஐந்து மீட்டர் ஹோஸ் ஐந்து மீட்டராகவே கிடந்தது. பிரஷர் பம்ப் இருக்கிறவர்கள் வாங்கினாலும், லேட்டக்ஸுக்கு வெயிலும் ஆகாது, அணில் பல்லும் ஆகாது.

வயலில் மோட்டாருக்குப் போடும் தட்டை ஹோஸ், வரிவரியான சக்ஷன் ஹோஸ் இரண்டும் வேறு வேலைக்கானவை. மாடிக்கு வேண்டாம்.

நான்காம் படி: கடையில் கையால் பார்ப்பது

லேபிளைவிடக் கை அதிகம் சொல்லும். கடைக்காரர் முகம் சுளித்தாலும் பரவாயில்லை, ஐந்து நிமிடம் எடுத்துக்கொள்ளுங்கள்.

வெட்டிய முனையைப் பாருங்கள். சுவரின் தடிமன் சுற்றிலும் ஒன்றுபோல இருக்க வேண்டும். ஒரு பக்கம் தடித்து மறுபக்கம் மெலிந்திருந்தால், மெலிந்த பக்கம்தான் நாளை வெடிக்கும் இடம். சுவருக்குள் குமிழிகள் தெரிந்தாலும் வேண்டாம். நூல் வலை இரண்டு சுவருக்கும் நடுவில் புதைந்திருக்க வேண்டும், நகத்தால் நெம்பினால் அடுக்குகள் பிரியக்கூடாது.

அடுத்து மடக்கிப் பாருங்கள். அரை இன்ச் ஹோஸைச் சாப்பாட்டுத் தட்டு அளவுக்கு வட்டமாக வளைத்தால் நெரியாமல் நிற்க வேண்டும். பிறகு ஓரிடத்தில் அழுத்தி மடித்து விடுங்கள். மடித்த கோட்டில் வெள்ளையாகத் தழும்பு விழுந்தால் பிளாஸ்டிக்கில் சுண்ணாம்புத் தூளை அள்ளிப் போட்டிருக்கிறார்கள் என்று அர்த்தம். எல்லா பிவிசியிலும் கொஞ்சம் கலப்பார்கள். அளவு மீறினால்தான் இந்தத் தழும்பு.

'கனமா இருக்கு பாருங்க சார், நல்ல சரக்கு' என்ற பேச்சு எடுபடாமல் போவதும் இங்கேதான். சுண்ணாம்புத் தூள் பிவிசியைவிட இரு மடங்கு கனம். எடைக்கு விற்கிற கடையில் கலப்படம் கூடக் கூட எடையும் ஏறும், நம் பணமும் ஏறும். ஆகவே எடையை மட்டும் நம்ப வேண்டாம், சுவர் தடிமனையும் மடிப்புத் தழும்பையும் சேர்த்தே பாருங்கள்.

மூக்குக்கும் வேலை உண்டு. புது ரெக்ஸின் போல இலேசான வாசனை எல்லா பிவிசிக்கும் இருக்கும். கண் எரிகிற மாதிரி, மண்ணெண்ணெய் மாதிரி அடித்தால் கீழே வைத்துவிடுங்கள். தொட்டால் பிசுபிசுப்பு, வெள்ளைக் கைக்குட்டையால் துடைத்தால் சாயம் வருவது, மங்கிய கறுப்பு நிறத்தில் அங்கங்கே வேறு நிறப் புள்ளிகள் இருப்பது எல்லாம் பழைய பிளாஸ்டிக்கை உருக்கிச் செய்ததன் அடையாளங்கள்.

கடைசியாக ஹோஸின் மேல் அச்சடித்திருப்பதைப் படியுங்கள். உள்விட்டம், தாங்கும் அழுத்தம், தயாரிப்பாளர் பெயர் இருக்க வேண்டும். ஒன்றுமே அச்சடிக்காத ஹோஸ் அப்பா பெயர் தெரியாத பிள்ளை மாதிரி, கேள்வி வந்தால் பதில் சொல்ல ஆளிருக்காது. அழுத்தத்தை 'பார்', 'பிஎஸ்ஐ', 'கிலோ' என்று மூன்று விதமாகப் போடுவார்கள். 1 பார் என்பது 14.5 பிஎஸ்ஐ, கிட்டத்தட்ட சதுர சென்டிமீட்டருக்கு ஒரு கிலோ. இதில் ஒரு தந்திரம் நடக்கும். வேலை செய்யும் அழுத்தம் வேறு, வெடிக்கும் அழுத்தம் வேறு. அட்டையில் பெரிய எழுத்தில் இருப்பது பெரும்பாலும் வெடிக்கும் அழுத்தம். வேலை அழுத்தம் எவ்வளவு என்று கேளுங்கள், அது உங்கள் வீட்டு அழுத்தத்தைப் போல இரண்டு மடங்காவது இருக்கட்டும். ஏன் இவ்வளவு இடைவெளி? அந்த எண்கள் எல்லாம் இருபது டிகிரிச் சூட்டில் அளந்தவை. பிவிசி சூடானால் இளகும். சித்திரை வெயிலில் கிடக்கும் ஹோஸுக்கு அந்தப் பலம் இருக்காது.

ஐந்தாம் படி: நஞ்சு பற்றி நிதானமாக

பிவிசி இயல்பில் விறைப்பானது. அதை வளையச் செய்ய தாலேட்டு என்ற வகை இளக்கிகளைச் சேர்ப்பார்கள், சூட்டில் சிதையாமல் இருக்க நிலைப்படுத்திகளைச் சேர்ப்பார்கள். மலிவான நிலைப்படுத்தி ஈயச் சேர்மம். இவை பிளாஸ்டிக்கோடு கெட்டியாகப் பிணைந்து கிடப்பதில்லை, மெல்லக் கசியும். வெயிலில் இன்னும் வேகமாக. பழைய ஹோஸ் விறைத்துப்போவதற்கே காரணம் இளக்கி வெளியேறிவிட்டதுதான்.

அமெரிக்காவில் மிச்சிகன் மாநிலத்து ஆன் ஆர்பர் நகரில் உள்ள ஈகாலஜி சென்டர் என்ற அமைப்பு 2012இலும் 2016இலும் கடைகளில் விற்கும் ஹோஸ்களை வாங்கிச் சோதித்தது. பிவிசி ஹோஸ்கள் பலவற்றில் ஈயமும் தாலேட்டுகளும் இருந்தன. சிலவற்றில் மின்னணுக் கழிவுப் பிளாஸ்டிக்கைக் கலந்ததற்கான தடயமும் கிடைத்தது. வெயிலில் ஹோஸுக்குள் நின்ற தண்ணீரிலும் ஈயம் கசிந்திருந்தது. அங்கே பல ஹோஸ் அட்டைகளில் 'இதிலிருந்து குடிக்காதீர்கள்' என்று எழுதியிருக்கும். இங்கே அப்படி ஓர் எச்சரிக்கையை நான் பார்த்ததே இல்லை.

இந்தியாவில் பிவிசி பைப், பிட்டிங்குகளில் ஈய நிலைப்படுத்தியைக் கட்டுப்படுத்த 2021இல் மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகம் விதி கொண்டுவந்தது. சுருட்டி வைத்து விற்கும் தோட்ட ஹோஸ் மீதும் அந்த நம்பிக்கையை அப்படியே ஏற்றிவிடாதீர்கள். 'ஈயம் இல்லை' என்று ஹோஸிலேயே எழுதியிருக்கிறதா என்று பாருங்கள். நம் குடிநீர்த் தரமான ஐஎஸ் 10500 ஒரு லிட்டரில் 0.01 மில்லிகிராம் ஈயத்துக்கு மேல் அனுமதிப்பதில்லை. அவ்வளவு நுண்ணிய அளவைப் பற்றித்தான் பேசிக்கொண்டிருக்கிறோம்.

அப்படியானால் வெண்டைக்காய் சாப்பிடலாமா? தாராளமாகச் சாப்பிடலாம். தொழுவுரம் நிறைந்த மண் ஈயத்தைப் பெரும்பாலும் பிடித்து வைத்துக்கொள்ளும், காய்க்குள் போவது மிகக் குறைவு. இலையிலும் கிழங்கிலும் சேர வாய்ப்பு அதைவிடக் கொஞ்சம் கூடுதல், அவ்வளவுதான். எனக்குக் கவலை வேறு இடத்தில். விளையாடி ஓய்ந்த பிள்ளைகள் ஹோஸிலேயே வாய் வைத்துக் குடிப்பது. பறித்த கீரையை மாடியிலேயே ஹோஸ் தண்ணீரில் அலசுவது. காக்கைக்கும் நாய்க்கும் வைக்கும் தண்ணீர்.

இதையெல்லாம்விடப் பெரிது லாரித் தண்ணீர். 2019 ஜூனில் செம்பரம்பாக்கம், புழல், பூண்டி, சோழவரம் ஏரிகள் எல்லாம் ஏறக்குறைய வறண்டு கிடந்தபோது, சென்னையில் எத்தனை வீட்டில் தோட்ட ஹோஸே குடிதண்ணீர் ஹோஸாக மாறியது! லாரி போவதற்குள் டிரம்மை நிரப்ப வேண்டும், கையில் கிடைத்ததை மாட்டினோம். குடிக்கவும் சமைக்கவும் பிடிக்கிற தண்ணீருக்கு நாலைந்து மீட்டரில் தனி ஹோஸ் வைத்துக்கொள்ளுங்கள். 'புட் கிரேடு' என்ற வார்த்தையை யார் வேண்டுமானாலும் அச்சடிக்கலாம். அதற்குக் கீழே என்எஸ்எஃப் 61 போல ஒரு தரத்தின் எண் இருக்கிறதா என்று பாருங்கள், அது குடிநீர் தொடும் பொருட்களுக்கானது. அந்த ஹோஸை வேலை முடிந்ததும் வடித்து, வீட்டுக்குள் நிழலில் தொங்கவிடுங்கள். தோட்டத்துக்கு எடுத்துப் போகவே வேண்டாம்.

எந்த ஹோஸாக இருந்தாலும் ஒரு பழக்கம் முக்கியம், முதலில் வருகிற தண்ணீரை விட்டுவிடுவது. 30 மீட்டர் அரை இன்ச் ஹோஸில் நிற்பது நாலு லிட்டர், முக்கால் இன்ச்சில் எட்டரை. கசிந்தது எல்லாம் அதில்தான் இருக்கும். வெயிலில் கிடந்த ஹோஸில் அது வெந்நீராகவும் இருக்கும். குழந்தை மேல் பட்டால் தோல் வெந்துவிடும், செடி வேருக்கும் ஆகாது. ஒரு வாளியில் பிடித்து ஆறவிட்டு, பிறகு பூச்செடிக்கு ஊற்றலாம். இன்னொன்று, வெதுவெதுப்பாகத் தேங்கிய தண்ணீரில் லெஜியோனெல்லா என்ற கிருமி வளரும். அது குடிப்பதால் வருவதைவிட, தெளிக்கும்போது பறக்கும் நுண்துளிகளைச் சுவாசிப்பதால் நுரையீரலைத் தாக்கும். அந்த முதல் நாலு லிட்டரைத் தெளிப்பான் மாட்டாமல் வெறும் முனையில் விட்டுவிட்டால் அந்தப் பயம் குறையும். வயதானவர்கள் தண்ணீர் விடும் வீட்டில் இதை மறக்காதீர்கள்.

ஆறாம் படி: இரண்டு முனைகள்

ஹோஸ் நடுவில் கெடுவது அரிது. கெடுவது குழாய் முனையிலும் கை முனையிலும்தான். ஆனாலும் ஹோஸுக்கு ஆயிரம் கொடுப்பவர்கள் கிளிப்புக்கு முப்பது ரூபாய் கொடுக்க யோசித்து, சைக்கிள் டியூபைக் கிழித்துக் கட்டுவார்கள். நானும் கட்டியிருக்கிறேன். தொட்டித் தண்ணீருக்கு அது தாங்கும், மோட்டாருக்குத் தாங்காது.

மோதிரம் மோதிரமாக வரியிட்ட நாசில் உள்ள குழாயைப் போட்டு, ஹோஸ் முனையை ஒரு நிமிடம் வெந்நீரில் முக்கி இளக்கி உள்ளே தள்ளி, திருகு கிளிப்பை இறுக்குங்கள். எண்ணெய், கிரீஸ் தடவ வேண்டாம், பிறகு வழுக்கிக் கழன்று வரும். கிளிப் ஸ்டெயின்லெஸ் ஸ்டீலாக இருக்கட்டும். ஒரு காந்தத்தைக் கொண்டுபோய் வைத்துப் பாருங்கள், பட்டையில் கெட்டியாக ஒட்டினால் அது முலாம் பூசிய இரும்பாக இருக்கலாம், சில வகை ஸ்டெயின்லெஸ் ஸ்டீலும் ஒட்டும் என்பதால் கடைக்காரரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். எங்கள் ஏரியா உப்புத் தண்ணீருக்கு இரும்புக் கிளிப் ஆறே மாதத்தில் துருப்பிடித்துத் திருகவே வராமல் போனது.

'கிளிக்' என்று மாட்டிக் கழற்றும் பிளாஸ்டிக் இணைப்புகள் வசதியானவை. ஜெர்மனியின் கார்டேனா நிறுவனம் 1968இல் கொண்டுவந்த முறை அது, இன்று பலரும் அதே அளவில் செய்கிறார்கள். உள்ளே இருக்கும் ரப்பர் வளையத்தில்தான் அதன் உயிர். உதிரி வளையம் நாலு வாங்கிப் பெட்டியில் போட்டு வையுங்கள். தொட்டித் தண்ணீருக்கு இந்த இணைப்புகளின் குறுகிய வாய் கொஞ்சம் வேகத்தைத் தின்னும்.

பித்தளை நீடிக்கும். ஆனால் பித்தளை நிறத்தில் இருப்பதெல்லாம் பித்தளை இல்லை, அரத்தால் ஓர் ஓரத்தில் தேய்த்தால் உள்ளே சாம்பல் நிறம் தெரிந்துவிடும். சாதாரணப் பித்தளையிலும் கடைசலுக்காகக் கொஞ்சம் ஈயம் சேர்ப்பார்கள், ஆகவே குடிதண்ணீர் ஹோஸுக்கு அது வேண்டாம். பித்தளைக் குழாயில் அலுமினிய இணைப்பை மாட்டிவிட்டு மறந்துவிடாதீர்கள். இரண்டு உலோகமும் உப்புத் தண்ணீரும் சேர்ந்தால் அரித்து ஒன்றாகப் பற்றிக்கொள்ளும், பிறகு குழாயையே கழற்ற வேண்டியதுதான். வெளிநாட்டிலிருந்து யாராவது ஹோஸ் வாங்கி வந்தால் மரையைப் பாருங்கள். அமெரிக்க ஹோஸ் மரை நம் குழாய் மரையோடு சேராது.

கை முனைக்கு, தொட்டித் தண்ணீரில் பூவாளித் தலையே மேல். இல்லாவிட்டால் நம் கட்டை விரல் இருக்கவே இருக்கிறது, அதைவிட நுணுக்கமான நாசில் இன்னும் வரவில்லை. விசையை அழுத்தினால் பீய்ச்சும் துப்பாக்கி நாசிலை மோட்டார் லைனில் மாட்டுபவர்கள் கவனியுங்கள்: மோட்டார் ஓடும்போது விசையை விட்டால் மொத்த அழுத்தமும் ஹோஸில் ஏறும். என் மூன்றாவது ஹோஸ் போனது இப்படித்தான். போன் அடித்தது, துப்பாக்கியைக் கீழே வைத்துவிட்டுப் போய்ப் பேசினேன். திரும்பி வருவதற்குள் வத்தல் முடிந்தது. ஹோஸ் தாங்கியிருந்தால் மோட்டார் சூடேறிக் கெட்டிருக்கும். மோட்டார் லைனில் திறந்த முனைதான் சரி.

ஏழாம் படி: உறிஞ்சும் ஆபத்து

இதைச் சொல்லும் ஆட்கள் குறைவு, அதனால் தனியாகச் சொல்கிறேன். பஞ்சகவ்யமோ மீன் அமிலமோ கரைக்க வாளியில் ஹோஸ் முனையை மூழ்கவிட்டு, குழாயைத் திறந்துவிட்டு வேறு வேலைக்குப் போவோம். அந்த நேரம் தொட்டி காலியாகிறது, கீழே யாரோ குளியலறைக் குழாயைத் திறக்கிறார்கள் என்று வையுங்கள். லைனில் தண்ணீர் கீழே இறங்கும்போது வாளியில் உள்ள கரைசலை ஹோஸ் வழியாக உறிஞ்சி இழுத்துக்கொண்டு போகும். பெட்ரோலை டியூபில் உறிஞ்சி இறக்குவது போலத்தான். பஞ்சகவ்யம் என்றால் நாற்றத்தோடு போகும், பூச்சிமருந்து என்றால்?

தீர்வு எளிது. ஹோஸ் முனை எப்போதும் தண்ணீர் மட்டத்துக்கு ஒரு சாண் மேலே தொங்க வேண்டும், மூழ்கக் கூடாது. குழாய்க்குப் பக்கத்தில், தண்ணீரைத் திரும்பிப் போக விடாத என்ஆர்வி வால்வு ஒன்று போட்டால் கூடுதல் காப்பு. வால்வு இருக்கிறது என்ற தைரியத்தில் மூழ்கவிடாதீர்கள், அதில் ஒரு மணல் துகள் சிக்கினால் மூடாது.

எட்டாம் படி: வைக்கும் விதம்

நல்ல ஹோஸைக் கொல்வது வெயிலும் ஆணியும். ஆணியில் தொங்கவிட்டால் அந்த ஒரு புள்ளியில் முழுக் கனமும் விழுந்து நெரியும், அடுத்த வருடம் அங்கேதான் கசியும். காலியான 20 லிட்டர் பெயிண்ட் வாளியின் அடிப்பக்கத்தைச் சுவரில் வைத்து இரண்டு போல்ட் முறுக்குங்கள். வாளி மேல் ஹோஸைச் சுற்றலாம், உள்ளே நாசிலும் கிளிப்பும் வைக்கலாம். சுற்றும்போது ஒரு சுற்று மேலாக, அடுத்த சுற்று உள்பக்கமாகத் திருப்பிப் போட்டால் முறுக்கு ஏறாது. படிக்கட்டு அறையின் நிழல் கிடைத்தால் அதைவிட நல்ல இடமில்லை.

வேலை முடிந்ததும் குழாயை மூடி, முனையைத் தாழப் பிடித்து வடித்துவிடுங்கள். முனையை மட்டும் அடைத்துவிட்டு குழாயைத் திறந்தே வைப்பவர்கள் இருக்கிறார்கள். ஹோஸ் இரவும் பகலும் உப்பிக்கொண்டே கிடந்து ஒருநாள் யாரும் இல்லாத நேரத்தில் வெடிக்கும். தொட்டியும் காலி, கரண்ட் பில்லும் ஏறும்.

ஓரிடத்தில் கிழிந்தால் அந்த இடத்தை வெட்டி எறிந்துவிட்டு, ஜாயிண்டர் போட்டு இரு பக்கமும் கிளிப் இறுக்கினால் போதும். ஆனால் அங்கங்கே பொத்தலாக உப்பிக்கொண்டு நின்றாலோ, வளைத்தால் வெளிச்சுவர் முழுக்க மயிர்க்கோடாக வெடித்தாலோ, தொட்டால் பிசினாக ஒட்டினாலோ அதன் ஆயுள் முடிந்தது. ஜாயிண்டருக்குச் செலவழிக்காதீர்கள்.

போன ஹோஸைப் போகி அன்று பழைய பாயோடு சேர்த்து எரித்துவிடாதீர்கள். டயர், பிளாஸ்டிக்கை எரிக்க வேண்டாம் என்று மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் ஒவ்வொரு வருடமும் கேட்டுக்கொள்கிறது. பிவிசி எரிந்தால் ஹைட்ரோகுளோரிக் அமிலப் புகையும் டயாக்சின் என்ற நஞ்சும் வரும். நான் துண்டு துண்டாக நறுக்கி வைத்துக்கொள்கிறேன். நாலு இன்ச் துண்டை நெடுக்கில் கீறி வாளிக் கம்பியில் மாட்டினால் கை வலிக்காது. முருங்கைக்கு முட்டுக் கட்டும் கயிற்றை ஒரு துண்டுக்குள் நுழைத்துக் கட்டினால் பட்டை அறுபடாது. மீதியைப் பழைய பிளாஸ்டிக் எடுப்பவர் வரும்போது கொடுத்தால், சில நாள் வாங்கிக்கொள்வார், சில நாள் 'இது வேணாம்மா' என்று போய்விடுவார்.